மரக்காலும் எப்பாவும்: எபிரேய மறைநூல் அளவைகளும் முத்துக்குளித்துறை அளவை மரபும்

எசேக்கியேல் நூலின் 45ஆம் அதிகாரம் நேர்மையான தராசும் நேர்மையான முகத்தலளவையும் வேண்டும் என ஆட்சியாளரை இடித்துரைக்கும் பகுதியைக் கொண்டது. 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் தமிழ் மொழிபெயர்ப்பில் அதைப் படிப்பவர் ஓரிடத்தில் தயங்க நேரும். மரக்கால் என்பது கலத்தில் பத்தில் ஒரு பங்கு என அங்கே கூறப்படுகிறது. தமிழ் வழக்கில் ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். அளவில் வஞ்சனை கூடாது என வலியுறுத்தும் பகுதியிலேயே, தமிழ் வாசகரின் கணக்குப்படி, கலம் இரண்டு மரக்கால் குறைகிறது.

இது அச்சுப்பிழையும் அன்று. மொழிபெயர்ப்பாளரின் அறியாமையும் அன்று. எபிரேயத்தில் உள்ளவை ஓமேர், எப்பா என்னும் இரு அளவைகள். பத்து எப்பா ஒரு ஓமேர் ஆகும். ஓமேருக்குக் கலம் என்றும் எப்பாவுக்கு மரக்கால் என்றும் தமிழ்ச் சொற்கள் இடப்பட்டன. சொற்கள் மாறின; அவற்றுக்கிடையிலான விகிதம் எபிரேயத்துக்குரியதாகவே நின்றது. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, எபிரேய அளவைகளைத் தமிழ் அளவை மரபின் துணைகொண்டு எந்த அளவுக்கு விளங்கிக்கொள்ள இயலும் என்பவற்றை முத்துக்குளித்துறையின் அளவை வழக்குகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பீட்டுக்கு இக்கடற்கரையைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என நீளும் இக்கரை, அளவைகள் ஒன்றோடொன்று மோதிய இடம். பாண்டிய, சோழ அளவைகளோடு அரபு வணிகரின் இராத்தலும், போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் நிறைகளும் இங்கே புழங்கின. மறைநூல் மொழிபெயர்ப்பின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. புன்னைக்காயலை மையமாகக் கொண்டு பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் அச்சேறியது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த இரேனியுஸ் மறைநூலைத் தமிழாக்கும் நெறிகள் குறித்து 1827இல் தனிநூல் எழுதினார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் பங்குபெற்றவர். கொற்கையில் அகழ்ந்தவரும் அவரே.

நீட்டலளவை

நீட்டலளவையில் சிக்கல் மிகக் குறைவு. எபிரேயத்தில் நான்கு விரல் ஒரு தெபாக். மூன்று தெபாக் ஒரு செரெத். இரண்டு செரெத் ஒரு அம்மா. எனவே ஓர் அம்மா இருபத்து நான்கு விரல். தமிழிலும் பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். அம்மா முழமாகவும் செரெத் சாணாகவும் ஆனதில் வியப்பில்லை. கோலியாத்தின் உயரமாகிய ஆறு முழமும் ஒரு சாணும் எவ்வித விளக்கக் குறிப்புமின்றித் தமிழருக்கு விளங்குகின்றன. தெபாக்குக்கு மட்டும் தமிழில் தனிச்சொல் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை நாலு விரற்கடை என விரித்தனர். இத்தமிழாக்கத்தின் மிகச் சிறந்த அளவைத் தீர்வு இதுவே எனலாம். சங்கீதம் 39இல் மனித வாழ்நாளின் குறுமையைச் சுட்டும் இடத்தில் இத்தொடர் அளவாகவும் உருவகமாகவும் ஒருங்கே செயல்படுகிறது.

உடலுறுப்பை அளவாகக் கொண்டால் எவருடைய உறுப்பு என்னும் கேள்வி எழாமல் இராது. ஓக் அரசனின் கட்டிலை அளந்தது மனிதரின் கைமுழத்தால் என உபாகமம் (3:11) தனித்துக் குறிக்கிறது. எசேக்கியேல் 40:5இல் வரும் கோலோ முழத்துக்கு நாலு விரற்கடை மிகுதியான நெடுமுழத்தால் ஆனது. அதாவது இருபத்தெட்டு விரல். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோல் எத்தனை சாண் எனத் தவறாமல் சுட்டப்படுவதை அறிந்த ஆய்வாளருக்கு இத்தகைய குறிப்புகள் புதியன அல்ல. ‘பதினாறு சாண் கோல்’ என்று சொல்லாமல் நிலத்தின் பரப்பைச் சொல்வதில் பொருளில்லை.

எபிரேயச் சாதாரண முழத்தின் நீளத்தை அறிய ஒரு நல்ல சான்று உண்டு. எருசலேமின் சீலோவாம் சுரங்கக் கால்வாயில் 1880இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு நீரோடிய தொலைவை 1200 முழம் என்கிறது. சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 533 மீட்டர். வகுத்தால் முழம் ஒன்றுக்கு 44 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. 1200 என்பது முழுமையாக்கிய எண்ணாக இருக்கக்கூடும். ஆயினும் கை அளவிலிருந்து பெரிதும் விலகாத முழம் இது என்பது உறுதியாகிறது.

கடலின் ஆழத்தை அளக்கும் அலகு எபிரேய நூல்களில் இல்லை. இரு கைகளையும் விரித்த நீளமாகிய பாகம், முத்துக்குளித்துறையில் பாரின் ஆழத்தைச் சொல்லும் அன்றாடச் சொல். தமிழ் விவிலியத்தில் அது கிரேக்க மூலத்தைக் கொண்ட அப்போஸ்தலர் நடபடிகளில், கப்பலிலிருந்து விழுதுவிட்டு ஆழம் பார்க்கும் இடத்தில்தான் வருகிறது. எபிரேயர் மலைநாட்டு உழவரும் மேய்ப்பருமாக வாழ்ந்தவர். அவர்களது அளவைகளில் களத்துமேடும் எண்ணெய்ச்சாடியும் தெரிகின்றன, கடல் தெரிவதில்லை.

முகத்தலளவை

இடர்ப்பாடு முழுவதும் முகத்தலளவையில் குவிந்துள்ளது. எபிரேய மறைநூலிலும் பிற்காலச் சான்றுகளிலும் இருந்து பெறப்படும் வாய்பாடு இது: நான்கு லோகு ஒரு காபு, ஆறு காபு ஒரு சேயா, மூன்று சேயா ஒரு எப்பா, பத்து எப்பா ஒரு ஓமேர். நீர்மப் பொருளுக்கு எப்பாவுக்குச் சமமானது பாத்து. பாத்தில் ஆறில் ஒன்று கீன். எப்பாவின் பத்தில் ஒரு பங்கு ஓமர். (கலமாக மொழிபெயர்க்கப்பட்ட ஓமேர் வேறு, மன்னாவை அளந்த ஓமர் வேறு; எபிரேயத்தில் முதலெழுத்தே வேறுபடும்.) எப்பாவின் கொள்ளளவை ஆய்வாளர் பலர் ஏறத்தாழ 22 லிட்டர் எனக் கொள்வர், இதைவிடப் பெரிதாகக் கணித்தோரும் உளர். 22 என்பதை ஏற்றால் சேயா 7 லிட்டருக்குச் சற்று மேல், லோகு 0.3 லிட்டர்.

தமிழ் வாய்பாடு பெரும்பாலும் இரட்டிப்பு முறையில் அமைந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நெல்லைச் சீமையில் இதற்கும் மேலாக இருபத்தொரு மரக்கால் கொண்ட கோட்டை வழங்கியது. ஆங்கிலேயர் காலச் சென்னைக் கணக்கில் படி 100 கன அங்குலம், மரக்கால் 800 கன அங்குலம்; அதாவது முறையே 1.6 லிட்டரும் 13 லிட்டரும். ஊருக்கு ஊர் இவை வேறுபட்டன என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விரு வாய்பாடுகளையும் அருகருகே வைத்தால் மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம் தெளிவாகிறது. 13 லிட்டர் மரக்கால் 7 லிட்டர் சேயாவுக்கும் 22 லிட்டர் எப்பாவுக்கும் நடுவே நிற்கிறது. இரண்டில் எதற்கும் அது பொருந்தவில்லை. விளைவு, அச்சொல் இரண்டுக்கும் இடப்பட்டது. ரூத்து ஒருநாள் முழுதும் பொறுக்கித் தட்டியெடுத்த வாற்கோதுமை எபிரேயத்தில் ஓர் எப்பா. தமிழில் ஒரு மரக்கால் (ரூத்து 2:17). சமாரியா முற்றுகை நீங்கும் நாளில் ஒரு சேக்கலுக்கு விற்கும் என எலிசா அறிவிக்கும் மா எபிரேயத்தில் ஒரு சேயா. தமிழில் அதுவும் ஒரு மரக்கால் (2 ராஜாக்கள் 7:1). மூலத்தில் மூன்று மடங்கு வேறுபடும் இரு அளவுகள் தமிழில் ஒன்றாகிவிட்டன. அதே சேயா ஆபிரகாமின் விருந்தில் படி ஆகிறது (ஆதியாகமம் 18:6). மூன்று சேயா என்பது ஒரு முழு எப்பா, ஏறத்தாழ 22 லிட்டர் மாவு. வந்த விருந்தினரோ மூவர். முதியவரின் விருந்தோம்பல் அளவிறந்தது என்பதே அங்குக் கதையின் குறிப்பு. மூன்று படி என்றதும் அது ஒரு நல்ல குடும்பத்தின் இயல்பான சமையலாகச் சுருங்குகிறது. ரூத்தின் ஒருநாள் உழைப்பும் இவ்வாறே பாதியளவு சுருங்கியது.

படி என்னும் சொல்லின் நிலை இன்னும் சிக்கலானது. அது சேயாவுக்கு மட்டுமன்றிக் கீனுக்கும் (லேவியராகமம் 19:36), காபுக்கும் (2 ராஜாக்கள் 6:25), ஏசாயா 5:10இல் பாத்துக்கும் ஈடாக வருகிறது. காபு 1.2 லிட்டர், பாத்து 22 லிட்டர். எசேக்கியேலில் பாத்துக்கு அளவுகுடம் என்னும் அழகிய ஆக்கம் இடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, ஏசாயாவிலும் அதையே வழங்கியிருக்கலாம் எனத் தோன்றுகிறது.

ஏசாயாவின் அதே வசனம் விகிதத்தின் இன்றியமையாமையை மிகத் தெளிவாகக் காட்டுவது. ஓர் ஓமேர் விதைக்கு ஓர் எப்பாவே விளையும் என்பது அங்குக் கூறப்படும் தண்டனை. விதைத்ததில் பத்தில் ஒன்றே திரும்பும், விளைச்சல் தலைகீழாகும். கலமும் மரக்காலும் இட்ட தமிழில் அது பன்னிரண்டில் ஒன்றாகிறது. பொருள் சிதையவில்லை, சற்றுக் கடுமை கூடிற்று என்று அமையலாம். ஆனால் பத்தில் ஒன்று என்பது எபிரேய மரபில் தசமபாகத்தின் எண். நிலத்தின் பயனில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கு அளிக்க வேண்டிய மக்களுக்கு நிலமே பத்தில் ஒன்றைத்தான் அளிக்கும் என்னும் உள்ளோசை வசனத்தில் கேட்கிறது. பன்னிரண்டில் அது கேட்பதில்லை.

தமிழ் ஈடு நன்றாகப் பொருந்திய இடங்களும் உள. தொழுநோயினின்று நீங்கியவரின் தூய்மைச் சடங்குக்குரிய ஒரு லோகு எண்ணெய் ஆழாக்கு ஆயிற்று (லேவியராகமம் 14:10). 0.3 லிட்டருக்கு 0.2 லிட்டர், அதைவிட முதன்மையானது, இரு வாய்பாடுகளிலும் அது அடிநிலைச் சிற்றளவு என்பது. சமாரியாவின் பஞ்ச விலையைச் சொல்லும் இடத்தில் கால் காபு காற்படி ஆகிறது. ஒரு சேயாவில் இருபத்து நான்கு கால் காபு. ஒரு மரக்காலில் முப்பத்திரண்டு காற்படி. முற்றுகைக்கால விலைக்கும் மறுநாள் விலைக்கும் இடையிலுள்ள மலைமடு வேறுபாட்டை இவ்வீடு குலைக்கவில்லை.

யாத்திராகமம் 16:36இல் மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேறு வழியை மேற்கொண்டனர். ஓமர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்பதே அவ்வசனத்தின் முழுச் செய்தி. அங்குத் தமிழ் ஈடுகளைத் தவிர்த்து இரு சொற்களையும் ஒலிபெயர்த்தனர். விகிதமே பொருளாக அமையும் இடத்தில் ஈட்டுச்சொல் உதவாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. அதே விதியை எசேக்கியேல் 45:11க்கும் பொருத்தியிருந்தால் கலம் குறைந்திராது.

கல்லும் வித்தும்

எடுத்தலளவையில் ஒப்பீடு வேறொரு பயனைத் தருகிறது. எபிரேயத்தில் நிறைகல்லைக் குறிக்கும் சொல் ‘ஏபென்’. அதன் பொருள் கல் என்பதே. பையில் இருவகை நிறைகற்கள் வைத்திருக்கலாகாது என்னும் உபாகமக் கட்டளை (25:13) எபிரேயத்தில் ‘கல்லும் கல்லும்’ என்றே அமைகிறது. தமிழிலும் கல் என்பது பொருளையும் நிறையையும் ஒருங்கே குறிக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளையும் மணியிழைத்த அணிகளையும் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கூறுகின்றன. நெல்லளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர்; அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது எனவும் குறிக்கப்படுகிறது.

எபிரேய நூல்களில் வரும் ‘பரிசுத்த ஸ்தலத்தின் சேக்கல்’ உரையாசிரியர் பலரை இடர்ப்படுத்திய தொடர். அது பொதுச் சேக்கலினும் எடை மிகுந்த தனி அலகா, அன்றி வெறும் அடைமொழியா என்னும் விவாதம் நீண்டது. அப்சலோமின் முடி ‘ராஜாவின் நிறைப்படி’ நிறுக்கப்பட்டதையும் (2 சாமுவேல் 14:26), ஆபிரகாம் நானூறு சேக்கல் வெள்ளியை வணிகரிடையே செல்லும் நிறைப்படி நிறுத்துக் கொடுத்ததையும் (ஆதியாகமம் 23:16) இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில், அரசு, சந்தை என மூன்று அதிகாரங்கள் கல்லுக்குப் பொறுப்பேற்கின்றன. தஞ்சைக் கல்வெட்டுகளைப் பயின்றவருக்கு இது இயல்பாகவே விளங்கும். கல்லின் பெயர் அதன் எடையைச் சொல்வதைவிட, அதற்கு யார் பிணை என்பதைச் சொல்கிறது. பரிசுத்த ஸ்தலத்தின் சேக்கலையும் இவ்வாறு கொள்வதே பொருத்தம். எடை வேறுபட்டிருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

சேக்கலின் உட்பிரிவு தமிழ் ஆய்வாளரின் கவனத்தை உடனே ஈர்ப்பது. ஒரு சேக்கல் இருபது கேரா (யாத்திராகமம் 30:13). ஒரு கழஞ்சு இருபது மஞ்சாடி. ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி. கேரா என்னும் சொல்லுக்கு வித்து, மணி என்னும் பொருள் கூறப்படுகிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி மூன்றும் வித்துகளே. அகழ்வில் கிடைத்த யூதா நாட்டு நிறைகற்களைக் கொண்டு சேக்கல் 11.4 கிராம் அளவினது எனக் கணிப்பர். கேரா அதன்படி 0.57 கிராம். கழஞ்சு ஐந்து கிராமை ஒட்டியது. மஞ்சாடி கால் கிராம். விகிதம் ஒன்று, எடை வேறு. இதைக்கொண்டு இரு நாட்டுக்கும் வணிகத் தொடர்பு நாட்ட முயல்வது தவறு. மயிலைக் குறிக்கும் எபிரேய ‘துக்கி’யைத் தமிழ்த் ‘தோகை’யோடு கால்டுவெல் இணைத்தது ஒலியும் பொருளும் வணிகச் சூழலும் ஒருங்கே அமைந்த சான்று. இருபதின் அடுக்கோ கைவிரல்களும் கால்விரல்களும் உள்ள எவருக்கும் தோன்றக்கூடியது.

அரைச் சேக்கலாகிய பெக்கா, சேக்கலில் மூவாயிரம் மடங்காகிய கிக்கார் ஆகியவற்றை மறைநூலே கணக்கிட்டுக் காட்டுகிறது. யாத்திராகமம் 38:25–26இல் 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் செலுத்த, தொகை 100 கிக்காரும் 1775 சேக்கலும் ஆகிறது. பாதியாக்கினால் 3,01,775, ஆகவே கிக்கார் ஒன்று 3000 சேக்கல், 34 கிலோகிராம் அளவினது. கிக்காருக்குத் தமிழில் வந்த தாலந்து என்னும் சொல் எபிரேயமன்று, கிரேக்கம். மானே என்னும் நிறைக்கு இடப்பட்ட இராத்தல் (1 ராஜாக்கள் 10:17, எஸ்றா 2:69) அரபு மூலத்தது, காயலின் துறைமுக வழக்கிலும் தமிழ்க் கடைத்தெருவிலும் நெடுங்காலம் புழங்கியது. ஒரே நூலின் ஒரே வாய்பாட்டில் எபிரேயச் சேக்கல், கிரேக்கத் தாலந்து, அரபு இராத்தல், தமிழ் மரக்கால் நான்கும் அமர்ந்திருப்பது துறைமுகச் சுங்கச்சாவடியை நினைவூட்டுகிறது.

சொல் அறியப்படாமலே மறைந்த ஓர் அளவையும் உண்டு. 1 சாமுவேல் 13:21இல் வரும் ‘பீம்’ என்னும் சொல் வேறெங்கும் வாராதது. பழைய மொழிபெயர்ப்பாளர் அதை அரம் என ஊகித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல் பொறித்த சிறு நிறைகற்கள் பாலஸ்தீனத்தில் கிடைத்த பின்னரே அது 7.8 கிராம் அளவான, ஏறத்தாழ மூன்றில் இரண்டு சேக்கல் நிறை எனத் தெரிந்தது. கலப்பைக் கொழுவைத் தீட்டப் பெலிஸ்தர் பெற்ற கூலி அது. ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் இதை அறிந்திருக்க வழியில்லை.

முத்துக்குளித்துறையில் கழஞ்சும் மஞ்சாடியும் பொன்னுக்குரிய வழக்கொழிந்த பின்னரும் முத்துக்குத் தொடர்ந்தன. போர்ச்சுக்கீசியர் வழங்கிய ‘மாங்கெலின்’ என்னும் மணிநிறைச் சொல்லும் மஞ்சாடியோடு தொடர்புடையதே. ஆயினும் முத்தை நிறுத்தால் மட்டும் போதாது. சிப்பி ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். முத்து, பெட்டி எனப்படும் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிக்கப்படும். பெட்டிகள் துளைகளின் எண்ணிக்கையால் பெயர்பெற்றன: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் கூடக் கூட முத்து சிறுக்கும். அதன்பின் உருட்சியும் நீரோட்டமும் பார்த்து ஆணி, ஆணித்தாரம் முதலிய வகைகளாகப் பிரிப்பர். இறுதியில்தான் நிறை, அந்நிறையின் இருமடியை அடிப்படையாகக் கொண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, செவ்வு என்னும் மதிப்பலகு பெறப்படும். ஒரே எடையுள்ள இரு குவியல்களில், குறைந்த எண்ணிக்கையில் பெருமுத்துகளைக் கொண்டதற்கு மதிப்பு மிகும்.

எபிரேயச் சேக்கலை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும். நாணயம் தோன்றுமுன் சேக்கல் நிறையாகவே இருந்தது. வெள்ளி எத்துண்டாயினும் கிராமுக்குக் கிராம் சமம் என்பதால் நிறையே விலையாயிற்று. முத்தில் அது இயலாது. எனவே நிறையிலிருந்து வேறுபட்ட மதிப்பலகு தேவைப்பட்டது. நீதிமொழிகள் 3:15இலும் 31:10இலும் விலைமதிப்பின் எல்லையாகச் சுட்டப்படும் ‘பெனினீம்’ தமிழில் முத்து என வந்துள்ளது. புலம்பல் 4:7இல் அச்சொல் செந்நிறத்துக்கு உவமையாவதால் பவளம் எனக் கொள்வாரும் உளர். எதுவாயினும் அவ்விடங்களில் அளவை எதுவும் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது.

விதையால் அளந்த நிலம்

லேவியராகமம் 27:16இல் வயலின் மதிப்பு அதில் விதைக்கும் வாற்கோதுமையால் அளக்கப்படுகிறது: ஓர் ஓமேர் விதைக்கு ஐம்பது சேக்கல். நெல்லைச் சீமையில் நஞ்சை நிலத்தைக் கோட்டை விதைப்பாடு என அளந்த வழக்கு இதற்கு நேரொப்பானது. ஏசாயாவின் ‘செமெத்’, ஓரிணை எருது ஒருநாள் உழும் நிலம். ஏர் என்னும் தமிழாக்கம் அதற்கு முற்றும் பொருந்தும். பரப்பு இங்கே வடிவியலால் அன்றி உழைப்பாலும் வித்தாலும் அறியப்படுகிறது.

தமிழாக்கத்தைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை

தமிழ் விவிலியங்களைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையின் சான்றாகவும் சொற்பொருள் வரலாற்றுக்கான மூலமாகவும் பயன்படுத்துவது பெருகிவருகிறது. அளவைச் சொற்களைப் பொறுத்தவரை இதில் விழிப்பு தேவை. எசேக்கியேல் 45:11ஐ மட்டும் கண்ட ஓர் அகராதித் தொகுப்பாளர், பத்து மரக்கால் கொண்ட கலம் ஒன்று தென்பாண்டி நாட்டில் வழங்கிற்று என எழுதிவிடக்கூடும். ரூத்தையும் இரண்டாம் ராஜாக்களையும் ஒப்பிட்டு மரக்காலின் கொள்ளளவை மீட்டெடுக்க முயல்வோர் ஒன்றுக்கு மூன்று என்னும் முரணில் சிக்குவர். விவிலியத்திலிருந்து எடுக்கும் ஒவ்வோர் அளவைச் சான்றுக்கும் எபிரேயச் சொல்லை உடன் குறிப்பது அகராதிப் பணிக்குக் கட்டாயம்.

இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு மற்றொரு நெருக்கடி. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தையடுத்து மெட்ரிக் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், மரக்காலும் ஆழாக்கும் தமிழருக்கே அயலாகத் தொடங்கின. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பெட்டியும் செவ்வும் அத்தோடு வழக்கிழந்தன. எப்பாவை விளக்க வந்த மரக்காலுக்கே இப்போது அடிக்குறிப்பு வேண்டியுள்ளது. லிட்டருக்கும் மீட்டருக்கும் மாற்றிவிடலாம் என்பது எளிய விடை போலத் தோன்றும். ஆனால் 300, 50, 30 முழங்களாகிய நோவாவின் பேழை ஏறத்தாழ 133, 22, 13 மீட்டர் ஆகும்போது முழு எண்களும் அவற்றின் உறவும் கலைகின்றன. முழம் பூக்கடையில் இன்னும் வழங்குவதால் நீட்டலளவைகளை மாற்றத் தேவையில்லை. முகத்தலளவையில் எப்பா, சேயா, பாத்து ஆகியவற்றை எல்லா இடங்களிலும் ஒரே சீராக ஒலிபெயர்த்து, நூலிறுதியில் ஒரு வாய்பாட்டைச் சேர்ப்பதே ஏற்புடையது. அவ்வாய்பாட்டின் ஒரு பத்தியில் லிட்டரும் அடுத்த பத்தியில் நாழி, குறுணி, கலமும் இடம்பெற்றால், பழைய பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் கலத்துக்குப் பத்து மரக்கால் எவ்வாறு வந்தது என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.